ஒரே பெட்டி, ஒரே துண்டு

காலி அறைக்குள் நுழைவதற்கும் கதவைத் தட்டுகிற ஒருவரை என் வாழ்க்கையில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். விரலை மடக்கி இரண்டு தட்டு. பிறகு, "ஆள் இருக்கா?" பதில் வராது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மூச்சு விடும் நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார். வீடு அவருடையது, அறை அவருடையது, உள்ளே இருந்தது ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு கம்ப்யூட்டரும்தான். அவற்றில் எது எழுந்து வந்து பதில் சொல்லப் போகிறது?

"சாமி ரூமையும் தட்டிட்டுத்தான் போவா. சாமி துணி மாத்திட்டிருந்தா என்ன பண்றதுன்னு பயம்" என்பார் அவருடைய கணவர். அக்கா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். அக்கா சிரிக்கமாட்டார். "இருந்தாலும் கேட்டுட்டுப் போறதுல என்ன குறைஞ்சு போச்சு?" என்பார்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் அவர் வீடு. முன்னறையில் முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்தார், அப்புறம் ஜெராக்ஸ், தொண்ணூறுகளின் கடைசியில் இ-மெயில். 'இங்கு இ-மெயில் அனுப்பப்படும், பெறப்படும்' என்று மஞ்சள் போர்டில் சிவப்பு எழுத்து. தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் அதை விட்டுவிட்டு அவரிடம் சேர்ந்தேன். எனக்கு இருபத்தெட்டு வயது, அவருக்கு என்னைவிட நான்கைந்து கூட இருக்கும். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவரைவிட எனக்கு நிறையத் தெரியும் என்று எனக்கு ஒரு மிதப்பு. நிறையத் தெரியும் என்பது உண்மையும்கூட. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு இ-மெயில் முகவரி கிடையாது. சென்டருக்கு ஒரே முகவரி. தெருவில் யாருக்கு வந்தாலும் அதற்குத்தான் வரும். தலைப்பில் ஆள் பெயரைப் போட்டு எழுதச் சொல்லியிருந்தோம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மோடத்தைக் கீச்சிட விட்டு எல்லாவற்றையும் இறக்குவோம்; இறக்கியபின் வேறெங்கும் நகல் இருக்காது. இறங்கியதெல்லாம் முதல் கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேரும். அதைத்தான் நாங்கள் பெட்டி என்போம்.

அந்தப் பெட்டியைத் திறக்க எங்களிடம் இரண்டு புரோகிராம் இருந்தன. அக்காவுடையது பழசு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, மவுஸ் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. இரண்டாவது கம்ப்யூட்டரில் நான் போட்டு வைத்திருந்தது புதுசு. ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும், கடிதம் வந்தால் உறைப் படம் காட்டும். கேபிள் வழியாக அதுவும் அதே பெட்டியைத்தான் திறந்தது.

இதில் ஒரு சிக்கல். ஒரு புரோகிராம் பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருப்பதையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொள்ளும். மூடும்போது, மனப்பாடம் பண்ணியதைத் திரும்ப எழுதிவிட்டுப் போகும். நடுவில் இன்னொரு புரோகிராம் புகுந்து புதுக் கடிதம் சேர்த்ததோ, பழையதை அழித்ததோ அதற்குத் தெரியாது. தன்னிடம் இருப்பதுதான் வேதம். இப்படி நடக்கக் கூடாது என்று இரண்டு புரோகிராமும் பெட்டிக்குப் பூட்டு போடத்தான் செய்தன. ஆனால் அது ஒரு விதமாகப் பூட்டும், இது வேறு விதமாகப் பூட்டும். ஒன்று போட்ட பூட்டு மற்றதின் கண்ணுக்குத் தெரியாது.

இதை அக்காவுக்கு நான் ஒரு மணி நேரம் காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லாத கதைதானே?" என்றார்.

அவர் வளர்ந்தது பல்லாவரத்தில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில். எட்டுக் குடித்தனம், ஒரே குளியலறை, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் கதவின் மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போகவேண்டும். துண்டு கிடந்தால் எப்பேர்ப்பட்ட அவசரமானாலும் கதவைத் தொடக்கூடாது. குளித்துவிட்டு வந்து துண்டை எடுக்க மறந்தால் மற்ற ஏழு குடித்தனமும் சேர்ந்து திட்டும். அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது, துண்டைக் கவனிக்காமல் ஒரு ஆள் கதவைத் தள்ளித் திறந்துவிட்டானாம். "தெரியாமதான் தள்ளினான். ஆனா உள்ள இருந்தவளுக்கு அது தெரியாம நடந்த மாதிரியா இருக்கும்?" என்றார். உள்ளே இருந்தது யார் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கே இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் சுவரில் ஆணி அடித்து ஒரு வெள்ளைத் துண்டை மாட்டினார். பெட்டியைத் திறக்கிறவர் துண்டை எடுத்துத் தன் மானிட்டர் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். மூடியபின் ஆணியில் திரும்ப மாட்டவேண்டும். துண்டு கையில் இல்லாதவன் பெட்டியைத் தொடக்கூடாது. வந்து போகிற வாடிக்கையாளர்கள், "யாருக்கு முடி வெட்டப் போறீங்க?" என்று கிண்டல் பண்ணினார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றரை வருஷம் எங்கள் பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

துண்டு மட்டுமல்ல, அவர் செய்வதெல்லாம் அப்படித்தான். கடிதம் பிரிண்ட் ஆகி வரும்போது முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொள்வார். எழுத்து உள்ளே போகிறமாதிரி மடித்து, ஸ்டேப்ளர் அடித்துத்தான் கொடுப்பார். பூத்தில் யாராவது போன் பேசிக்கொண்டே அழுதால், வெளியே போய்க் காய்கிற துணியை இந்தக் கொடியிலிருந்து அந்தக் கொடிக்கு மாற்றிக்கொண்டிருப்பார். தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை, யார் பையன் யாரை இழுத்துக்கொண்டு போனான் என்பதெல்லாம் கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆள் அவர்தான். ஊர்க் கடிதமெல்லாம் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி இப்படி இருப்பாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். சில சமயம் எரிச்சலாகவும் இருக்கும். கொஞ்சம் வம்பு பேசினால்தானே வேலை நேரம் போகும்!

இன்றைக்கு என் போனில், லேப்டாப்பில், ஆபீசில் என்று ஒரே பெட்டி மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கிறது. ஒன்றும் உடைவதில்லை. உடையாமல் பார்த்துக்கொள்ள எங்கேயோ ஏதோ இருக்கிறது, எனக்கு அதைப் பற்றி நினைக்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தக் காலத்தில் நினைக்கவேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் நான் நினைக்காமல் விட்டதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் எங்களுக்கு ஒருவர்தான், ரோசம்மா. ஏரிக்கரைப் பக்கம் வீடு, பல்லாவரத்தில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. ஒரே மகன் அந்தோணி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கப்பல் நிற்கிற ஊரிலிருந்து ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ரோசம்மா வந்து வாசல் படிக்குக் கீழேயே நிற்பார்.

"இன்னாமா, எம் புள்ள எதுனா எய்தி கீறானா?"

"உள்ள வாங்க ரோசம்மா. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

எங்கள் தெருவில் ரோசம்மாவை 'வாங்க' என்று சொன்னது அக்கா மட்டும்தான். "படிக்கட்டுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் படிப்பார். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல் படிப்பார். நான் ஒருநாள் கேட்டதற்கு, "என் குரல்ல படிச்சா அது நான் பேசின மாதிரி ஆயிடும். அவன்தானே பேசணும்" என்றார்.

அது ஒரு ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. அக்கா மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரக் குடையோடு போயிருந்தார். கூடுவாஞ்சேரியில் லே-அவுட் போட்டு மனை விற்கிற ஒருவர் நனைந்துகொண்டே உள்ளே வந்தார்.

"சார், துபாய் பார்ட்டி கன்ஃபர்ம் பண்ணியிருப்பார். சீக்கிரம் பாருங்க சார், வெளிய வண்டி நிக்குது."

துண்டு அக்காவின் மானிட்டர் மேல் கிடந்தது. மானிட்டர் அணைந்திருந்தது. பெட்டியை மூடிவிட்டுத் துண்டை மாட்ட மறந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. மானிட்டரைப் போட்டுப் பார்த்திருந்தால் உள்ளே அவர் புரோகிராம் திறந்தே இருப்பது தெரிந்திருக்கும். எழுந்து இரண்டடி நடக்கவேண்டிய வேலை. செய்யவில்லை.

என் புரோகிராமைத் திறந்து மாலைத் தபாலை இறக்கினேன். வரிசையாகத் தலைப்புகள் வந்தன. மனைக்காரருடையதுக்கு மேலே ஒன்று: ROSAMMA – AMMA MADRAS VAREN. அட, மகன் வருகிறான் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. மனைக்காரருக்குப் பிரிண்ட் கொடுத்தேன், வேண்டாத விளம்பரங்களை அழித்தேன், மூடினேன். அக்கா வந்து தலையைத் துவட்டிக்கொண்டே மானிட்டரைப் போட்டு, திறந்திருந்த தன் புரோகிராமை வழக்கம்போல மூடினார். அது மதியம் மனப்பாடம் பண்ணியதை மாலைத் தபாலின் மேல் அரைகுறையாக ஏற்றி எழுதிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு பெட்டி இரண்டு புரோகிராமிலும் திறக்கவில்லை.

"துண்டு இருக்கும்போதே திறந்துட்டேன்கா" என்றேன்.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "திரையை அணைச்சுட்டு, துண்டை மட்டும் போட்டுட்டு எழுந்து போனேன் பாரு. யாருக்குத்தான் சந்தேகம் வராது?" என்றார். பிறகு, "யார் யாருது போச்சு?" என்று கேட்டார். ரோசம்மாவின் தலைப்பைச் சொன்னேன். தேதி உள்ளே இருந்திருக்கும், உள்ளே நான் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது, போனும் செத்தது.

மழையிலேயே இருவரும் ஏரிக்கரைக்குப் போனோம். ரோசம்மா வீட்டுக்குக் கதவு கிடையாது, ஒரு பழைய புடவையைத்தான் மறைப்பாகக் கட்டியிருந்தார். அக்கா நிலைச்சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "ரோசம்மா, இருக்கீங்களா? உள்ள வரலாமா?"

"ஐயே, இன்னாமா நீ, கேட்டுகினு நிக்கிற? வாமா உள்ள."

அக்கா மறைக்காமல் சொன்னார். மகனிடமிருந்து கடிதம் வந்தது, மெட்ராஸ் வருகிறேன் என்று இருந்தது, என்றைக்கு என்று படிப்பதற்குள் எங்கள் தப்பால் கெட்டுப்போய்விட்டது. என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ரோசம்மா அடுப்புப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கப்பலு ஒரு நாளுக்கு மேல நிக்காதும்பானே. வந்துட்டுப் பூட்டான்னா, திருப்பி என்னிக்கு வருவான்?" கப்பல் பெயரும் அவருக்குத் தெரியாது. போன மாதம்தான் வேறு கப்பலுக்கு மாறியிருந்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. போன் வரவில்லை. ஏழு மணிக்கெல்லாம் நான் சென்டரில் இருந்தேன். பெட்டி புரோகிராமில்தான் திறக்காதே தவிர, வெறும் எழுத்தாகத் திறந்து படிக்க முடியும். ஒருவர் கடிதத்தின் தலையும் இன்னொருவர் கடிதத்தின் உடம்பும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ரோசம்மாவின் வரிகளைப் பொறுக்க வேண்டுமானால் எல்லாருடையதையும் வரி வரியாகப் படித்தாகவேண்டும்.

"எத்தனை பேருது இருக்கும்?" என்றார் அக்கா.

"பதினோரு பேர்."

"அப்ப பதினோரு பேரையும் கேக்கணும். வண்டியை எடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, ஒரு அம்மா மகனைப் பார்க்கணும். இப்ப போய் வீடு வீடா பர்மிஷன் கேக்கறதா? ஒரு மணி நேரத்துல படிச்சிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"நமக்குத் தெரியுமே" என்றார். "அவங்க அவசரத்துக்கு நான் ஓடலாம். அடுத்தவங்க கதவைத் தள்ள முடியாது."

"கப்பல் போயிடுச்சுன்னா?"

முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனாலும் மொபெட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

போன் இல்லாததால் நேரில்தான் போகவேண்டியிருந்தது. பத்துப் பேர் எங்கள் தெருக்களிலேயே இருந்தார்கள். "அட, படிச்சுக்கோம்மா, என் மச்சான் பணம் கேட்டிருப்பான், வேற என்ன" என்று சிரித்தார் ஒருவர். ஒரு ரிடையர்டு ஆபீசர் குளித்துவிட்டு வந்துதான் பேசுவேன் என்று அரை மணி நேரம் நிற்க வைத்தார். ஒரு கல்லூரிப் பெண் வாசலுக்கு வந்து, உள்ளே திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க மட்டும்தான படிப்பீங்க? அந்த அண்ணா படிக்கமாட்டாரே?" என்றாள். "நான் மட்டும்தான்" என்று அக்கா வாக்குக் கொடுத்தார். இனி நான் உதவிக்கும் ஆகமாட்டேன்.

பதினோராவது ஆள் மனைக்காரர். கூடுவாஞ்சேரி! "அவருக்குத்தான் பிரிண்டே கொடுத்தாச்சேக்கா" என்று கெஞ்சினேன். "அவருக்குக் கொடுத்தோம். நாம படிக்கறதுக்கு அவர் கொடுக்கலையே" என்றார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் சேற்றை வாரி இறைக்க, மொபெட்டில் போனோம். அந்த மனுஷர் வாயைப் பிளந்தார். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? என்கிட்ட ஒளிக்கறதுக்கு என்ன மேடம் இருக்கு?"

திரும்பும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. அக்கா படிக்க உட்கார்ந்தார். நான் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் போனது. பிறகு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது.

"'புதன்கிழமை காலைல எட்டு மணிக்குக் கப்பல் வந்துரும்மா. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஏறிடணும். ஹார்பர் வெளி கேட்டாண்ட நிப்பேன்.'"

ஏற்ற இறக்கம் இல்லாமல் படிக்கத்தான் பார்த்தார். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அன்றைக்குப் புதன்கிழமை.

"நீ ஓடு" என்றார். "நீங்க வரலையா?" என்றதற்கு, "அம்மாவும் பிள்ளையும் பாத்துக்கற இடத்துல நான் எதுக்கு?" என்றார்.

பல்லாவரம் போய், ஷெட் மேஸ்திரியிடம் சண்டை போட்டு ரோசம்மாவை வெளியே அழைத்துவர இரண்டரை ஆனது. தோல் வாசனை அடிக்கும் புடவையோடு அப்படியே என்னோடு ரயில் ஏறினார். சைதாப்பேட்டை பக்கத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் என்று வண்டி நின்றது. ஒன்றரை மணி நேரம் நின்றது. ரோசம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கவேயில்லை. பீச் ஸ்டேஷனில் இறங்கி ஓடி, துறைமுக வாசலுக்குப் போனபோது ஐந்து முப்பத்தைந்து.

அந்தோணி அங்கேதான் நின்றான். காலை ஒன்பது மணியிலிருந்து நின்றிருக்கிறான். "எத்தினி வாட்டி போன் போட்டேன் தெரியுமா? மணியே அடிக்கல" என்று என்னிடம் கோபப்பட ஆரம்பித்தவன், அம்மா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நான் திரும்பி நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம். அப்புறம் உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

திரும்பி வருகிற வண்டியில் என்னால் அடக்க முடியவில்லை. "நான்தாம்மா பெட்டியைக் கெடுத்தேன். அவங்க இல்ல. காலைலயே அக்கா எல்லாத்தையும் படிச்சிருந்தா எட்டு மணிக்கே தெரிஞ்சிருக்கும். எல்லாரையும் கேட்டுட்டுத்தான் படிப்பேன்னு ஊர் சுத்தினாங்க" என்று கொட்டிவிட்டேன். பாதி குற்றத்தை ஒப்புக்கொண்டு மீதியை அக்கா தலையில் கட்டினேன் என்பது பேசி முடித்தபிறகுதான் எனக்கே உறைத்தது.

வண்டி கிண்டியைத் தாண்டியது.

"நானும் இத்தினி வருசமா குந்திகினு கீறேன் அந்த வூட்ல" என்றார் ரோசம்மா. "வாடகை வாங்க வர்றவன் கேக்க மாட்டான், போலீசு கேக்க மாட்டான், மேஸ்திரி கேக்க மாட்டான். சர்ருனு உள்ள பூந்துருவானுங்க. கதவே இல்லாத வூட்டாண்ட நின்னுகினு, 'வரலாமா'ன்னு கேட்டது அந்தம்மா ஒருத்திதான். அத்தப் போயி நான் இன்னா சொல்றது, தம்பி?"

எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வண்டி சானடோரியம் தாண்டி தாம்பரத்துக்குள் நுழையும்போது, இறங்குவதற்காக எழுந்து நின்ற ரோசம்மா, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"காலைல தெரிஞ்சிருந்தா, ஒரு வேளை சோறு ஆக்கிப் போட்டிருப்பேன்."

மறுநாள் அக்கா எனக்காக வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். பார்த்தார்களா, எவ்வளவு நேரம், பையன் எப்படி இருந்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சொன்னேன். "ரோசம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்றார். கதவே இல்லாத வீட்டைப் பற்றி ரோசம்மா சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.